மழையை விட்டுவிட்டு எண்ணிய கணக்கு

தெற்கு அந்தமானில் ஃபெரார்கஞ்ச் என்று ஓர் ஊர் உண்டு. 1920-களில் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த எம்.எல். ஃபெராரின் பெயரால் அமைந்த ஊர் அது. நிர்வாக வரலாற்றில் அவர் இன்னோர் ஆங்கிலேய அதிகாரி, அவ்வளவுதான். பட்டாம்பூச்சி ஆய்வாளர்களுக்கோ அவர் முன்னோடி. இந்தத் தீவுகளின் பட்டாம்பூச்சிகளைச் சேகரித்து இனம் பிரித்து அவர் எழுதிய கட்டுரை 1948-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. அவருக்கு முன்பே, 1877-இல் ஃபிரெடெரிக் மூர் லண்டனிலிருந்து ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். 1880-களின் தொடக்கத்தில் வுட்-மேசனும் டி நிஸேவிலும் போர்ட் பிளேர் பகுதிப் பூச்சிகளைத் தொகுத்திருந்தார்கள். இப்படி ஒன்றரை நூற்றாண்டாக வளர்ந்த பட்டியலில் இன்று 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ பாதி, தனி இனமாகவோ துணையினமாகவோ, உலகில் வேறெங்கும் இல்லாதவை. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் எந்தப் பூச்சி இருக்கிறது என்று சொல்லும் இந்தப் பட்டியல், அது எத்தனை இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வதில்லை. ஓர் இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறதா என்பதற்கு விடை அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அதற்குப் பட்டியல் போதாது. ஒரே இடத்தில், எல்லாப் பருவங்களிலும், ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப எண்ணிய கணக்கு வேண்டும்.

எண்ணுவது எப்படி என்பதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலாந்தில் எர்னஸ்ட் போலார்ட் என்ற ஆய்வாளர் 1970-களில் அதை வகுத்தார். ஒரு தடத்தை நிரந்தரமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் நிதானமான ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் கண்ணில் படும் பூச்சியை மட்டும் எண்ண வேண்டும். ஆறாவது மீட்டரில் எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் அது கணக்கில் சேராது. வெயில், காற்று, வெப்பம் ஆகியவை குறித்த வரம்புக்குள் இருந்தால்தான் நடை செல்லுபடியாகும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை இப்படி நடக்கிறார்கள். 1976-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் கால்களால் திரட்டப்பட்ட அந்தக் கணக்குதான், எந்தப் பூச்சி எந்த ஆண்டிலிருந்து சரிந்தது என்று பிரிட்டனுக்குச் சொல்கிறது. இதில் கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இருப்பதெல்லாம் ஒழுங்கு, திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகும் பொறுமை.

பருவம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளிகள் நல்ல சான்று. அங்கே டகோட்டா ஸ்கிப்பர், பவஷீக் ஸ்கிப்பர்லிங் என்று இரண்டு சிறிய, பழுப்பு நிறப் பட்டாம்பூச்சிகள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியைப் புழுவாகப் புல்லடியில் கழித்துவிட்டு, கோடையில் சில வாரங்கள் மட்டுமே சிறகோடு பறப்பவை அவை. அந்த வாரங்களைத் தவறவிட்டால், ஆயிரம் புழுக்கள் இருக்கும் புல்வெளியிலும் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு வர நேரிடும். ஆய்வாளர்கள் சரியான வாரங்களில் திரும்பத் திரும்பப் போனதால்தான், ஒரு காலத்தில் பல மாநிலங்களில் சாதாரணமாக இருந்த பவஷீக் ஸ்கிப்பர்லிங் ஒவ்வொரு வெளியாகக் காணாமல் போவதை அறிய முடிந்தது. 2014-இல் அதை அழியும் நிலையில் உள்ள இனமாகவும், டகோட்டா ஸ்கிப்பரை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகவும் அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு அடித்தளம் பருவந்தோறும் நடந்த களப்பணி.

அந்தமான் நிக்கோபாரிலும் புல்வெளிகள் உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். காடும் பவளப் பாறையும்தான் தீவுகள் என்று நினைக்கிறோம். நடு நிக்கோபாரில் கமோர்ட்டா, தெரெசா, டிரிங்கெட் போன்ற தீவுகளின் உட்பகுதியில் மேடும் பள்ளமுமாகப் புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. புல்லை உண்டு வளரும் புழுக்களுக்கு உரிய இடம் அது. அங்கே பறக்கும் பூச்சிகள் பெரும்பாலும் சின்னவை, பழுப்பானவை, தரையை ஒட்டிப் பறப்பவை. சுற்றுலா விளம்பரத்தில் இடம்பெறாதவை. நம் நாட்டில் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைக்கும் பழக்கமும் இருக்கிறது. இந்த வெளிகளில் ஒரு நிரந்தரத் தடம் குறித்து ஆண்டு முழுவதும் எண்ணுவது, காட்டுக்குள் எண்ணுவதைவிட எளிது. ஆனால் இவை பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தீவுகள். 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளியார் அனுமதியின்றி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஆகவே அங்கே எண்ண வேண்டியவர்கள் நிக்கோபாரி மக்களே. எந்தப் புல் எப்போது தளிர்க்கும், எப்போது காயும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

இனி தீவுகளின் மழைக்கு வருவோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், அது ஓய்ந்ததும் வடகிழக்கு தொடர்ந்து டிசம்பர் வரை இழுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வறண்ட மாதங்கள். மழை வந்தால் கொழுந்து. கொழுந்து வந்தால் முட்டை, புழு. அதன் பிறகே சிறகு. வெப்பமண்டலக் காடுகளில் பல பட்டாம்பூச்சிகளின் எண்ணிக்கை இந்த வரிசைப்படிதான் ஏறி இறங்குகிறது. சில பூச்சிகள் பருவத்துக்குப் பருவம் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். மைகாலெஸிஸ் பேரினத்துப் பூச்சிகளின் சிறகடியில் மழைக்காலத்தில் பெரிய கண்புள்ளிகள் இருக்கும். வறட்சியில் பிறக்கும் தலைமுறைக்கு அந்தப் புள்ளிகள் சுருங்கிச் சருகின் நிறத்தில் கரைந்துவிடும். அந்தமானில் மட்டுமே வாழும் அந்தமான் ஓக்லீஃப் சிறகை மூடி அமர்ந்தால் நரம்பும் காம்பும் உள்ள காய்ந்த இலையேதான். உதிர்ந்த சருகுகள் நிறைந்த வறண்ட காட்டில் அதை ஒருமுறை நடந்து போய் எண்ணிவிட முடியாது.

இப்போது நம் சட்ட நடைமுறையைப் பாருங்கள். பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் வழக்கமாகக் கேட்கப்படுவது ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு. அதிலும் மழைக்காலம் நீங்கலாக. காற்றின் தூசியை அளக்க இது பொருந்தலாம். மழையால் வாழும் உயிரை அளக்க மழையை விட்டுவிட்டுப் போவது, பள்ளி விடுமுறையில் போய் மாணவர்களை எண்ணுவது போன்றது. கிரேட் நிக்கோபாரில் இது வெறும் வாதமாக நிற்கவில்லை. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், அதோடு விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று 166 சதுர கிலோமீட்டரில் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு விட்டுக்கொடுக்கப்படுகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியில் தலையிட மறுத்தது. ஆனால் மூன்று பருவத் தரவு தேவைப்படும் இடத்தில் ஒரு பருவத் தரவே எடுக்கப்பட்டது என்பது உள்ளிட்ட சில கேள்விகளை மறுபடி ஆராய ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. கேள்வி சரியான கேள்விதான். விடை தேட வேண்டிய இடம், எல்லாப் பருவத்திலும் நடந்து பார்த்த தடம்.

கிரேட் நிக்கோபார் தீவில் லொஸாரியா என்ற பேரினத்துப் பட்டாம்பூச்சியின் துணையினம் ஒன்று உண்டு. அதன் பெயரே சம்பிலாங்கா. தீவின் பழைய பெயரான சம்பேலாங்கிலிருந்து வந்தது. அதன் அந்தமான் உறவு அந்தமான் கிளப்டெயில். கருஞ்சிறகு, வால் நுனியில் கரண்டி போல் விரிந்த ஒரு சிவப்பு. அதன் புழு ஈஸ்வரமூலிக் குடும்பத்துச் செடி ஒன்றின் இலையைத் தின்று வளர்கிறது. செடியின் நஞ்சை உடலில் சேமித்துக்கொள்வதால் பறவைகள் அண்டுவதில்லை. செடி உள்ள காடு போனால் பூச்சியும் போகும். காட்டுக்கு ஈடாக நடப்படும் மரங்கள் ஹரியானாவில் என்கிறார்கள். அங்கே எந்தச் செடி முளைத்து எந்தக் கிளப்டெயில் முட்டையிடும்?

“பூச்சிதானே, பறந்து வேறிடம் போய்விடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. சிறகிருந்தால் எங்கும் போகலாம் என்பது காட்டுப் பூச்சிகளுக்குப் பொருந்தாது. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரி கால்வாயின் அகலம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதன் இரு கரையிலும் ஒரே இனத்தின் வெவ்வேறு துணையினங்கள் வாழ்வதே, அவை நெடுங்காலமாகக் கடலைக் கடந்து கலக்கவில்லை என்பதற்குச் சாட்சி. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பிரியா தாவிதாரும் சௌபத்ரா தேவி, டி. கணேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்களும் அந்தமானின் பல தீவுகளில் பட்டாம்பூச்சிகளையும் காட்டுப் பறவைகளையும் ஆராய்ந்தார்கள். தீவு பெரிதாகப் பெரிதாக இனங்கள் கூடுகின்றன. சிறிய தீவில் இருப்பவை பெரும்பாலும் பெரிய தீவிலும் இருக்கின்றன. பெரிய தீவில் இருக்கும் அரியவை சிறிய தீவில் இல்லை. பெரிய தீவின் காடு போனால் அடுத்த தீவில் குடியேறிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை.

இன்னொரு எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் திறந்த வெளிகளுக்கு வகுத்த முறை, மழையும் அட்டையும் அடர்நிழலும் உள்ள காட்டுக்குப் பொருந்துமா? அப்படியே பொருந்தாது. டிரீ நிம்ஃப் என்ற பட்டாம்பூச்சி காகிதம் போன்ற பெரிய வெள்ளைச் சிறகோடு மிதந்து போகும். அதை யாரும் எண்ணிவிடலாம். மர உச்சியில் திரியும் சின்ன நீலப் பூச்சிகளைத் தரையில் நடப்பவர் காணவே மாட்டார். ஆகவே முறையை இடத்துக்கேற்ப விரிக்க வேண்டும். அழுகிய வாழைப்பழத்தை வைத்த வலைக்கூண்டுகளைத் தரையிலும் உயரத்திலும் தொங்கவிட்டு, சிக்கும் பூச்சிகளைக் குறித்துவிட்டு விடுவிக்கலாம். புழு தின்னும் செடிகளைக் கண்டுபிடித்து முட்டைகளையும் புழுக்களையும் எண்ணலாம். செடி மழைக்கு ஒளிந்துகொள்வதில்லை. மழைக்காலத்திலும் வெயில் எட்டிப் பார்க்கும் மணிநேரங்கள் உண்டு, அவற்றுக்குக் காத்திருக்க வேண்டும். முறை கடினம் என்பது எண்ணாமல் இருப்பதற்குக் காரணமாகாது. கூடுதல் ஆட்களும் கூடுதல் மாதங்களும் தேவை என்பதற்கே காரணம்.

“இதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகும், வளர்ச்சி காத்திருக்குமா?” என்பது கடைசியாக வரும் கேள்வி. முன்பே எண்ணி வைக்காததன் விலையை 2004 சுனாமி காட்டியது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழிறங்கியது. கடற்கரைக் காடுகள் அடியோடு போயின. மண்மேடு கட்டி முட்டையிடும் நிக்கோபார் மெகாபோட் பறவைக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். கோவையின் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-களில் அதைத் தீவு தீவாக எண்ணியிருந்தார். சுனாமிக்குப் பிந்தைய கணக்கை அதனோடு ஒப்பிட்டபோது, கடற்கரையில் இனப்பெருக்கம் செய்பவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. அதே கரையில் வாழ்ந்த பட்டாம்பூச்சிகளுக்கு அப்படி ஒப்பிட முந்தைய கணக்கு இல்லை. எதை இழந்தோம் என்று துக்கப்படக்கூட எண்ணிக்கை வேண்டியிருக்கிறது. பல பத்தாண்டுகள் நிற்கப்போகும் துறைமுகத்துக்கு முன்னால், இரண்டு பருவமழையும் ஒரு வறட்சியும் சேர்ந்த முழு ஆண்டு அப்படி ஒன்றும் நீண்ட காலமல்ல.

இதைச் செய்ய ஆட்களும் இருக்கிறார்கள். விலங்கியல் அளவைத் துறைக்குப் போர்ட் பிளேரில் மண்டல மையம் உண்டு. 2024 முதல் அந்த நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் மாணவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களின் பிள்ளைகள் முதல் ரங்கத், மாயாபந்தர் வரை, தீவுகளில் வளரும் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பரில் நாடெங்கும் நடக்கும் பட்டாம்பூச்சி மாதத்தில் படம் எடுத்துப் பதிவேற்றுவது நல்ல தொடக்கம். ஆனால் படம் பூச்சி இருப்பதைத்தான் சொல்லும், இல்லாததைச் சொல்லாது. தீவில் வாழும் வாசகர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில், வனத்துறையிடம் கேட்டு, ஒரே ஒரு கிலோமீட்டர் தடம் குறித்து மாதம் இருமுறை நடக்கத் தொடங்கலாம். வலை வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பூச்சிகளைப் பிடிப்பது குற்றமும் கூட. பூச்சி எதுவும் தென்படாத நாளிலும் குறிப்பேட்டில் பூஜ்யம் என்று எழுத மறக்க வேண்டாம். மே மாதம் மழை பிடித்த பிறகும் நடையை நிறுத்த வேண்டாம்.