சவுக்காரமும் ஸ்கேனரும்

கித்துல்கலையில் பிடிக்கும் ஏற்றம் கினிகத்தேனைச் சந்தியில் சற்று ஓய்ந்து, வட்டவளையின் ஓயாத மழைக்குள் மறுபடி ஏறி ஹட்டன் வரை போகும். மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் ஓடிய நாளில் இந்த வீதியில் ரேடியேட்டர் கொதிக்காத கார் குறைவு. ஒழுகினால் உள்ளே மஞ்சள் தூள் போடுவார்கள். அது ஊறி உப்பி வெடிப்பை அடைத்து, வீடு சேரும்வரை தாங்கும். பெட்ரோல் டேங்க் கசிந்தால் சன்லைட் சவுக்காரத்தைப் பிசைந்து ஓட்டையில் அப்புவார்கள். தண்ணீரில் கரையும் சவுக்காரம் பெட்ரோலில் கரையாது என்பது அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. (2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போனபோது, அதை ரேடியேட்டரில் கொட்டியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!)

அன்றைய ஒப்பேற்றலுக்குப் பின்னால் தட்டுப்பாடு இருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழையதைத் தேட வேண்டும். மலையகத்துக்குக் கூடுதலாக ஒரு வசதி: தேயிலைத் தொழிற்சாலை. ரோலரும் டிரையரும் நிற்காமல் ஓட வேண்டுமே, அதனால் பெரிய தோட்டங்களில் பட்டறையும் ஃபிட்டரும் உண்டு. கொழுந்து லொறிக்கு அவர் கடைந்து போட்ட புஷ் சில வேளை கம்பனிச் சாமானைவிட நீண்ட நாள் உழைக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் கைவைத்தியம் என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது அநியாயம். எஞ்சினின் டைமிங் வைக்க ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு முழம் வயரும் போதும். கப்பியிலுள்ள குறியை நேராக்கி, பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலும் மற்றதைப் பொடியிலும் கொடுத்து, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பொயின்ட் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். அந்த இடத்தில் இறுக்கிவிடலாம். பிரித்தானிய கார்களின் கையேடுகளே சொன்ன வழி இது. பொயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும்; ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் சிகரெட் பெட்டி அட்டை கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கு வரும். கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் கருவிக்குப் பதிலாக ஒரு கட்டையைக் கவ்வாத்துக் கத்தியால் சீவி டேப் சுற்றினாலும் தட்டு நேராகத்தான் நிற்கும். பிசகினால் நட்டம் ஒரு மாலைப் பொழுது, அவ்வளவுதான்.

செத்தொழிய வேண்டிய ஒப்பேற்றல்களும் இருந்தன. காரை ஜேக்கில் தூக்கிக் கருங்கல்லை அடுக்கிக் கீழே படுப்பது, சுருள் ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டிக் கழற்றுவது. இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் தாடையைப் பெயர்த்துவிடும். மலையில் சமதரை கிடைப்பதும் அரிது. கோயில் முற்றம், கொழுந்து மடுவத்து முன்பக்கம் என்று சில இடங்கள்தான். சரிவில் கல் அடுக்கிப் படுத்தவர்களின் துணிச்சலைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. காரைத் தாங்கி நிற்கும் ஒரு சோடி ஸ்டாண்டின் விலை ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கிட்டவும் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று கார் வைத்திருந்தவர் துரை, டீமேக்கர், டவுன் முதலாளி. லயத்தில் இருந்தவனுக்கு அது தள்ளிவிடும் வண்டி, சொந்த வண்டியல்ல. இன்று லீசிங்கில் எடுத்த பஜாஜ் திரீவீலர் லயத்து வாசலிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிப்பவன் அதன் சொந்தக்காரன். மெக்னட் வீலைக் கழற்ற அதற்கென்றே ஒரு புல்லர் உண்டு: வீலின் மரையில் திருகி நடு போல்ட்டை முறுக்கினால் கழன்று வரும். அதை வாங்காமல் சுத்தியலால் தட்டினால் கிராங்கின் முனை சேதமாகும். அதே வேலையில் கிராங்க் சுழலாமல் பிடிக்கப் பிளக் துவாரம் வழியாக நைலோன் கயிற்றைத் திணிப்பார்கள். பிஸ்டன் மெத்தையில் மோதியதுபோல் நின்றுவிடும். புல்லரும் கயிறும் ஒரே வேலையில் சேர்ந்தே இருக்கின்றன.

கார்களில்தான் கதை மாறிவிட்டது. முதல் தலைமுறை டொயோட்டா அக்குவாவின் ஹைபிரிட் பேட்டரி 144 வோல்ட். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காதை வைத்துக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. டாஷ்போர்டின் கீழ் ஒரு சிறு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, தொலைபேசியில் எண்ணைப் பார்க்க வேண்டும். பி0ஏ80 என்று வந்தால் பேட்டரியை மாற்று என்று அர்த்தம். பலர் அத்தோடு பயந்து பெருந்தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவை 20 தொகுதிகள். ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருக்கலாம். இணைப்புத் தகட்டில் பச்சை பூத்திருக்கலாம். பின்சீட்டுப் பக்கத்துக் காற்று வழியைத் தூசியோ பையோ அடைத்துப் பேட்டரி சூடேறியிருக்கலாம். கடைசியதற்கு ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷே மருந்து. ஸ்கேனர் நோயின் பெயரைச் சொல்லும். காரணத்தைத் தேடுவது இன்னும் மனிதன்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடையில் 2022 பொருளாதார நெருக்கடி வேறு. இருக்கிற வண்டியைக் காப்பாற்றியே தீரவேண்டிய அந்த ஐந்தாண்டில் பழைய பாணி ஒப்பேற்றல் திரும்பி வந்தது. இம்முறை யூடியூப் துணையோடு. ஆனால் ஹைபிரிட் காரில் உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயரில் யாரும் கைவைத்தியம் பார்க்கக் கூடாது. பேட்டரியைத் துண்டிக்கும் சர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரில் மின்னழுத்தம் வடியச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஸ்கேனரையும் புல்லரையும் இரவல் வாங்கலாம், தப்பில்லை. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை இரவல் வாங்கினால் மட்டும், மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, எங்கேயாவது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஊசித் துவாரம் இருந்தாலும் அது கையுறை அல்ல.