பொருளைக் கொடுக்குமுன் பணத்தைப் பார்!

டிப்ளமோ முடிந்ததும் லேப்டாப்பையோ பைக்கையோ இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்து விற்பது நம்மிடையே சகஜமாகிவிட்டது. அப்பா கடன்பட்டு வாங்கித் தந்த பொருள். வாங்க வருபவரோ முன்பின் தெரியாதவர். பணத்தை எப்படி வாங்குவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2016-ல் வந்த யு.பி.ஐ. முறையில், பணம் அனுப்பத்தான் 'பின்' நம்பர் தேவை. பெறுவதற்குத் தேவையே இல்லை. "நான் மிலிட்டரியில் இருக்கேன், நேரில் வர முடியாது. க்யூ.ஆர். கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி 'பின்' போடுங்க, பணம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 'பின்' போட்டால் பணம் வராது, போகும்!

அடுத்து, வாங்குபவர் தன் போனில் காட்டும் 'பணம் அனுப்பியாச்சு' என்ற திரையை நம்பாதீர்கள். அப்படியே போலியாகக் காட்டும் ஆப்கள் உண்டு. எஸ்.எம்.எஸ்.ஸும் போலியாக வரலாம். உங்கள் பேங்க் கணக்கை நீங்களே திறந்து, தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "கூடுதலா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்க" என்றாலும் இதே பரிசோதனைதான். செக் வாங்கினால், அது பாஸாகும்வரை பொருள் உங்களிடமே இருக்கட்டும்.

ரொக்கம் என்றால், என் யோசனை இதுதான்: பகல் நேரத்தில் உங்கள் பேங்க்கிலேயே சந்தியுங்கள். அங்கேயே கட்டிவிட்டால் கள்ளநோட்டு கவுண்டரிலேயே தெரிந்துவிடும். பிறகு சாவியைக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான், பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

அவசரப்படுத்துபவர் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு நிதானமே லாபம்!