நீராகாரமும் குடலழற்சியும்

நெடுங்காலம் ஏழைகளின் காலை உணவாகவே பார்க்கப்பட்ட பழைய சோறு, இன்று தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஆய்வுப் பொருளாகியிருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சைத் துறையில், பேராசிரியர் எஸ். ஜெஸ்வந்த் முன்னின்று நடத்திய இத்திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. குடலழற்சி நோயாளிகள் எளிதில் பெறக்கூடிய ஓர் உணவைத் தேர்ந்து ஆராய முற்பட்டதே இம்முயற்சியின் பெருஞ்சிறப்பு.

குடலழற்சி நோய் என்பது, உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே குடலின் உட்சுவரைத் தாக்குவதால் விளையும் நீடித்த பிணியாகும். பெருங்குடலில் மட்டும் புண்களை உண்டாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனவும், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றக்கூடியது குரோன் நோய் எனவும் பெயர் பெறும்.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்தை அடைந்து பெருங்குடலைச் சேர, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தை உருவாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருளாக விளங்கும் இவ்வமிலம், அழற்சியைத் தணிக்கவும் துணைபுரிகிறது. இரவு முழுதும் நீரில் ஊறும் சோற்றிலும், அதன் நீரான நீராகாரத்திலும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களும் பெருகுகின்றன.

உயிருள்ள நுண்ணுயிர்கள் போதிய அளவில் உட்கொள்ளப்பட்டு உடலுக்கு நன்மை தரும்போதுதான் அவை புரோபயாடிக் எனப்படும். ஆவியில் வேகும் இட்லியில் அவை மடிந்துவிடுவதால், செரிமானத்துக்கு எளிதான நல்ல உணவாக அது இருந்தாலும், தயிரையும் மோரையும் நீராகாரத்தையும் போல உயிருள்ள நுண்ணுயிர்களை அது தருவதில்லை.

புரோபயாடிக் நுண்ணுயிர்கள் நோயைத் தணிக்கக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே வலுவான சான்று உண்டு. லூதியானாவின் அஜித் சூட் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உடைய 147 பேருள் எட்டு வகை நுண்ணுயிர்க் கலவையை உட்கொண்டோரில் 42.9 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றோரில் 15.7 விழுக்காட்டினருக்கும் பன்னிரண்டு வாரங்களில் நோய் அடங்கியது. ஆயினும் அங்கே ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி நுண்ணுயிர்கள் அளந்து கொடுக்கப்பட்டன. வீட்டுப் பானையில் வளர்பவையோ வகையிலும் அளவிலும் வீட்டுக்கு வீடு வேறுபடும். குரோன் நோய்க்கு இத்தகைய உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே பழைய சோற்றை மருந்தென்று விற்பது தவறு, வெறும் பழமையென்று தள்ளுவதும் தவறு.

கூடலூரை அடுத்த தேவர்சோலை போன்ற மலைப்பகுதிகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. லாக்டிக் நுண்ணுயிர்கள் பலவும் 30 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் விரைந்து பெருகுவதால், குளிர்ந்த இரவுகளில் சோறும் தயிரும் புளிக்க நெடுநேரம் பிடிக்கிறது. அதற்காகச் சோற்றை நீரின்றி வெளியில் நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. சோறு வேகும்போதும் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் நச்சு, வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். தூய பாத்திரமும் காய்ச்சி ஆறிய நீரும் இன்றியமையாதவை. துர்நாற்றமோ பூஞ்சையோ தென்பட்டால் கொட்டிவிட வேண்டும்.

மலத்தில் இரத்தம், நீங்காத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு ஆகியவை உள்ளோர் முதலில் மருத்துவரை நாட வேண்டும். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை உண்போர், இவ்வுணவுகளைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும், எக்காரணம் கொண்டும் மருந்தைத் தாமாக நிறுத்தாதிருக்கவும் வேண்டும்.