சேலைக்கு மேலே ஒரு ஜாக்கெட்!

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டை. இங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை தெரியும். அந்த மலை மேலேதான் கொடைக்கானல். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஏரி. ஆனால் எங்கள் தெருவில் அந்த ஏரியில் படகு ஏறாத பெண்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர்! கல்யாணமான புதுசில் போய் வந்தவர்கள்கூட, கரையில் பிள்ளையையும் பையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

"ஒரு நாள் நாம மட்டும் போவோம்க்கா. ஆளுக்கு மாசம் நூறு ரூபாய் சேர்ப்போம்" என்று அடுத்த வீட்டுத் தங்கச்சி சொன்னதும் எல்லோருக்கும் ஒரே குஷி. எனக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

காரணம் இருக்கிறது. எனக்குப் பதினொரு வயதில், என் பிறந்த ஊர்க் கண்மாயில், என் தங்கை கால் வழுக்கி ஆழத்தில் போய்விட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் கரையில் நின்று கத்தினேன், கத்திக்கொண்டே இருந்தேன். ஆட்கள் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா துவைத்துக் காயப்போட்டிருந்த சேலை என் பக்கத்திலேயே கிடந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை வீசியிருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சொல்லித் தரவும் யாருமில்லை. அதற்குப் பிறகு அம்மா என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

"நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை" என்றேன். எங்கள் மதினிதான் மடக்கினார். "பயந்தவ ஒருத்தி கூட வந்தாத்தான்டி மத்தவளுக்குப் பாதுகாப்பு. எல்லாத்தையும் நீயே யோசிச்சுச் சொல்லு, அதுபடி நடக்கிறோம்" என்றார். இப்படியாக, படகே ஏறாத நான் இந்தப் பயணத்துக்குப் பொறுப்பாளர் ஆனேன்!

என் மகன் உதவியோடு விவரம் சேகரித்தேன். கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது இல்லையாம். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்கிற வெள்ளைக்காரர் 1863-ல் கரை கட்டி உண்டாக்கியது. நட்சத்திர வடிவம், சுமார் அறுபது ஏக்கர். பொதுமக்களைப் படகில் ஏற விட்டது 1932-லிருந்துதான்.

கூடவே இன்னொரு செய்தியும் கண்ணில் பட்டது. 2024 ஜனவரி 18-ந் தேதி குஜராத் மாநிலம் வதோதரா நகரத்துக்குள் இருக்கிற ஹர்ணி ஏரியில், சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்து 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்துபோனார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பல பிள்ளைகளுக்கு உயிர்காப்பு ஜாக்கெட் இல்லை. அது கடலும் இல்லை, காட்டாறும் இல்லை. ஊருக்கு நடுவில் இருக்கிற சின்ன ஏரி! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் நான் போட்ட சட்டங்கள் இவை: ஒன்று, ஜாக்கெட் போடாமல் யாரும் படகில் கால் வைக்கக் கூடாது. இரண்டு, நாலு பேர் படகென்றால் நாலு பேர்தான். மூன்று, படகில் எழுந்து நிற்பதோ இடம் மாறி உட்காருவதோ கிடையாது, போட்டோவுக்காகக்கூட! நான்கு, பெடல் மிதிக்கிறவர்கள் சுடிதார்தான் போட வேண்டும். சேலைக் கரை பெடலில் சிக்கும். ஆறு கஜமும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும்.

"ஏற்கெனவே போட்டிருக்கிற ஜாக்கெட்டே பிடிக்குது, இதுக்கு மேல இன்னொண்ணா?" என்று பாய் வீட்டு அக்கா கேட்டதும் சிரித்து மாளவில்லை.

விடிகாலையில் கிளம்பி, செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸிலேயே போனோம். 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ் முறை கார், வேன் போன்ற தனியார் வண்டிகளுக்குத்தான். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மலை வளைவில் வயிற்றைப் புரட்டாமல் இருக்க எலுமிச்சம் பழமும் இஞ்சி முரப்பாவும், சாப்பாட்டுக்குப் புளியோதரை, தண்ணீருக்கு சில்வர் பாட்டில். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடலாம் என்பதால் காலையிலேயே படகுத்துறைக்குப் போய்விட்டோம்.

அங்கேதான் வந்தது வம்பு. "ஆறு பேரும் ஒண்ணா போனாத்தானே ஜாலி? நெருக்கி உட்கார்ந்துக்கலாம்" என்றாள் அடுத்த வீட்டுத் தங்கச்சி. நான் அசையவில்லை. "அப்ப நான் ஏறலை" என்றேன். என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். நாலு பேர் பெடல் படகிலும், முழங்கால் வலிக்காரர்களான மதினியும் பாய் வீட்டு அக்காவும் ஆள் துடுப்புப் போடுகிற படகிலும் ஏறினார்கள்.

ஜாக்கெட்டைச் சும்மா மாட்டிக்கொண்டால் போதாது. கொக்கிகள் எல்லாவற்றையும் போட்டு, வாரை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். முகவாய்க்கு மேலே ஏறினால் அது நமக்குத் தொளதொள என்று அர்த்தம்; வேறு அளவு கேட்டு வாங்க வேண்டும். ஐந்து பேருக்கும் நானே தூக்கிப் பார்த்தேன்.

பெடல் மிதிக்க மிதிக்கப் படகு நகர்ந்தது. முதல் ஐந்து நிமிஷம் தண்ணீரைப் பார்க்காமல் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லக் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. அழுகை வந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அடுத்த தடவை பேத்தியையும் கூட்டிட்டுப் போ. அந்தச் சட்டையைக் கட்டி விட்டுக் கூட்டிட்டுப் போ" என்றார்.

தோழிகளே, 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய நாலு இளைஞர்களில் இரண்டு பேரைக் காப்பாற்றியது மூன்று கிராமத்துப் பெண்கள் வீசிய சேலைகள்தான். அவர்களுக்கு அரசாங்கம் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. யாராவது தண்ணீரில் தத்தளித்தால், நீச்சல் தெரியாமல் குதித்துவிடாதீர்கள். சேலையையோ கயிற்றையோ வீசுங்கள். எதுவுமில்லை என்றால் காலிக் குடத்தை மூடி வீசுங்கள், மிதக்கும். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

- ஒரு வாசகி, சித்தையன்கோட்டை.