வாடகையைக் குறைப்பவருக்கு வரிச் சலுகை: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நமது வியாபாரிகளில் பலர் கடையில் மிச்சம் பிடித்த காசை வங்கியில் போடுவதை விட வீட்டில் போடுவதையே விரும்புகிறார்கள். இருக்கும் வீட்டுக்கு மேல் ஒரு மாடி, பக்கத்தில் ஓர் அனெக்ஸ், பின் காணியில் நான்கு அறைகள் என்று கட்டி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். திகனயிலும் இதைத்தான் காண்கிறோம். பல்லேகலை கைத்தொழில் பேட்டையில் வேலை செய்யும் பிள்ளைகளும், இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர்களும், புதிதாகத் திருமணம் முடித்தவர்களும் இந்த வீடுகளைத்தான் தேடி வருகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து, கம்பி விலைகள் எகிறின. வாடகையும் கூடியது. சம்பளம் அந்த வேகத்தில் கூடவில்லை.

இந்த நிலையில் வாடகையை நியாயமாக வைத்திருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு அரசோ உள்ளூராட்சி மன்றமோ ஏதாவது சலுகை தருகிறதா? இல்லை என்பதே பதில். ஏன் இல்லை, எப்படித் தரலாம் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

சோலைவரியின் அடிப்படை

கண்டி நகருக்குள் மாநகர சபையும், திகனயில் குண்டசாலை பிரதேச சபையும் வரி விதிக்கும் அதிகாரம் கொண்டவை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடங்கள் செறிந்த இடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் இவ்வரி அறவிடப்படுகிறது. மதிப்பீட்டு வரி என்று சபை சொல்வதைத்தான் நாம் சோலைவரி என்கிறோம். கட்டடத்தின் ‘வருடாந்தப் பெறுமான’த்தில் இத்தனை வீதம் என்பதே இதன் கணக்கு. வருடாந்தப் பெறுமானம் என்றால் அந்தக் கட்டடத்துக்கு ஒரு வருடத்தில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை.

‘எதிர்பார்க்கக்கூடிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் உண்மையில் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதல்ல அளவுகோல். ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் ஒருவர் 30,000 ரூபாவும் மற்றவர் 25,000 ரூபாவும் வாங்கினாலும் இருவருக்கும் வரி ஒன்றுதான். முழு வருட வரியை சனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 வீதம், ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்தில் செலுத்தினால் 5 வீதம் என்று கழிவு உண்டு. அது நேரத்துக்குச் செலுத்துபவருக்கான கழிவு. வாடகையைக் குறைப்பவருக்கு என்று எதுவும் இல்லை.

பிரம்பால் அடித்த காலம்

நமது நாட்டில் வாடகையைக் குறைக்க ஒரு காலத்தில் பிரம்பைத்தான் எடுத்தார்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு விதித்தது. மறுவருடம் வந்த சட்டம் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்றும் வரையறுத்தது. ஏற்கனவே குடியிருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் வாடகைக்கு என்று வீடு கட்ட ஆளில்லாமல் போனது. பழைய கட்டடங்கள் பழுது பார்க்கப்படாமல் கிடந்தன. ரசீது இல்லாத ‘கீ மணி’யும் பெருகியது. 1980ஆம், 2002ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தின. பிரம்பை வைத்தார்கள், ஆனால் அதற்குப் பதிலாகக் கையில் எதையும் கொடுக்கவில்லை.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2018இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கட்டடத்தில் குறைந்தது 20 வீதமான வீடுகளைக் குறைந்த வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் 10 வருடம் வைத்திருப்பதாகச் சொந்தக்காரர் ஒப்பந்தம் செய்தால், அந்த வீடுகளுக்கான சொத்து வரியில் 40 வீதம் குறையும் என்பது அப்போதைய ஏற்பாடு. சிக்காகோ நகரம் உள்ள மாவட்டத்திலும் 2021இல் வந்த சட்டப்படி, நியாய வாடகை வீடுகள் கூடக்கூட வரி மதிப்பீடு குறைகிறது. அங்கெல்லாம் சொத்து வரி பெரிய சுமை. ஆகவே அதில் கிடைக்கும் கழிவும் பெரிது.

நமக்கு இது பொருந்துமா?

ஓர் உதாரணம் பார்ப்போம். மாதம் 30,000 ரூபா பெறக்கூடிய வீட்டின் வருடாந்தப் பெறுமானம் சபையின் பழைய மதிப்பீட்டில் 60,000 ரூபா என்றும், வரி 8 வீதம் என்றும் வைத்துக்கொள்வோம். வருட வரி 4,800 ரூபா. வாடகையை 25,000 ஆக்கினால் வருடத்துக்கு 60,000 ரூபா குறைகிறது. சபை முழு வரியையும் தள்ளுபடி செய்தாலும் 4,800 ரூபாவுக்காக 60,000 ரூபாவை யார் விடுவார்?

வருமான வரியைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. வாடகை வருமானத்தில் திருத்த வேலைகளுக்கு என்று தனிநபருக்கு 25 வீத நிவாரணம் உண்டு. மீதிக்கு வரி. கடை வருமானத்தால் ஏற்கனவே உச்ச வீதமான 36 வீதத்தில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். வருடம் 360,000 ரூபா வாடகைக்கு அவர் 97,200 ரூபா வரி கட்டுவார். கையில் 262,800 மிஞ்சும். வாடகையை 25,000 ஆகக் குறைத்தால் 300,000க்கு வரி 81,000, மிஞ்சுவது 219,000. நட்டம் 43,800 ரூபா.

குறைத்தவருக்கு அந்த வருமான வரியில் பாதியை அரசு விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது 259,500. சபையும் 4,800 ரூபாவைத் தள்ளுபடி செய்தால் 264,300. முன்பு கிடைத்ததை விட 1,500 ரூபா கூட! குடியிருப்பவருக்கோ வருடத்தில் 60,000 ரூபா மிச்சம்.

ஆகவே சோலைவரிச் சலுகை மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும். இந்தியா 2020இல் வெளியூர்த் தொழிலாளருக்கான வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தபோது வருமான வரி விலக்கையும் சேர்த்தது இதனால்தான். வருமான வரி எல்லைக்குள் வராத சிறிய சொந்தக்காரருக்கு இந்த வழியில் ஒன்றும் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்குத் திருத்த வேலைக்குக் குறைந்த வட்டிக் கடன் போன்ற வேறு வழி தேவை.

சலுகை கேட்பவர் எழுத்து ஒப்பந்தமும் வரிக் கோவையும் வைத்திருக்க வேண்டும். சிலருக்கு இது கசக்கும். ஆனால் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீளப்பெற வழி செய்கிறது. வாய்ப்பேச்சில் வீடு கொடுத்தவர் அந்த வழியில் போக முடியாது. ஒப்பந்தம் எழுதுவது இருவருக்கும் பாதுகாப்பு.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் உள்ளூராட்சி மன்றங்களில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வருகிறது. வரியைக் குறையுங்கள் என்று வெறுமனே கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். வாடகையைக் குறைக்கிறோம், அதற்கு ஈடாகக் குறையுங்கள் என்று கணக்கோடு கேட்டால் மறுப்பது கடினம். நமது வர்த்தக சங்கங்கள் இந்தக் கணக்கை எழுத்தில் போட்டு, சபைக்கு ஒரு பிரதியும் நிதி அமைச்சுக்கு ஒரு பிரதியும் இப்போதே அனுப்பட்டும்.