மகள் பெயரில் ரோடு. பெற்றோருக்குக் கூலி வேலை!

சாமராஜநகரோடு ரெயில் பாதை முடிந்துவிடுகிறது. மைசூரில் இருந்து வரும் வண்டி அங்கே நின்று, வந்த வழியே திரும்பிப் போகிறது. சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. காடு குறுக்கே நிற்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் இருந்து பிழைப்புத் தேடி வருகிறவர்கள் பண்ணாரியில் கும்பிடு போட்டுவிட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஆசனூர், புளிஞ்சூர் வழியாக பஸ்சில்தான் வந்து சேருகிறார்கள்.

வந்தவர்களுக்குக் கிடைக்கும் வேலை என்ன என்பதும் தெரிந்ததுதான். கருங்கல் குவாரி, வாழைத்தார் ஏற்றுவது, ஓட்டல், கொஞ்சம் படித்தவர்களுக்குக் கடைக் கணக்கு. இதில் ஒன்றும் இல்லாத நாளில் ரோடு போடும் வேலை. ஜல்லிக் கூடையைத் தலையில் வைத்து நாளெல்லாம் நடப்பது என்ன பாடு என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

அப்படி ரோடு வேலை பார்த்த ஒரு தாய் தகப்பனின் மகள், 2022-ம் ஆண்டு இந்தியாவின் கேப்டனாக உலகக் கோப்பைப் போட்டியில் கால்பந்து ஆடினார். பெயர் அஸ்தம் ஓரான். ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்து மலைவாசிப் பெண். அவர் கேப்டன் ஆன செய்தி வந்ததும் அதிகாரிகள் அவருடைய ஊருக்கு ஓடினார்கள். வீட்டுக்கு ஒழுங்கான பாதை இல்லை என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. உடனே ரோடு போட ஏற்பாடு ஆனது. ரோட்டுக்குக் கேப்டனின் பெயரையே வைப்பது என்று முடிவானது.

அந்த ரோட்டில் ஜல்லி சுமந்தவர்கள் அவருடைய தகப்பனாரும் தாயாரும்! மகள் இந்தியக் கேப்டன் என்பதற்காக அன்றாடக் கூலியை விட முடியுமா? நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டில் டெலிவிஷன் இல்லை. அதையும் கரண்டு போனால் ஓடுவதற்கு இன்வெர்ட்டரையும் மாவட்ட நிர்வாகம்தான் கொண்டுவந்து வைத்தது.

ஒரு ராத்திரியில் எட்டு கோல்

அது 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை. இந்தியாவில் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை ஒன்று நடந்தது அதுவே முதல் தடவை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு இடம் தானாகக் கிடைத்தது. 2022 அக்டோபர் 11-ந்தேதி இரவு 8 மணிக்கு, புவனேசுவரம் கலிங்கா ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். எதிரே அமெரிக்கா.

9-வது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. 15, 23, 31, 39 என்று கடிகாரம் பார்த்து அடித்ததுபோல் அடுத்தடுத்து விழுந்தன. இடைவேளையில் கணக்கு 5-0. பிறகு மூன்று. எட்டாவது கோலைப் போட்ட மியா பூட்டா இந்திய வம்சாவளிப் பெண். 62-வது நிமிடத்தோடு அமெரிக்காவின் வேட்டை நின்றது. கடைசி 28 நிமிடத்தில் ஒரு கோலும் விழவில்லை. மறுநாள் பத்திரிகைகளில் எட்டுதான் தலைப்பாக வந்தது. இந்த 28 நிமிடத்தை யாரும் பெரிதாக எழுதவில்லை.

மூன்று நாள் கழித்து மொராக்கோவுடன் ஆட்டம். அந்த நாடும் இந்தப் போட்டிக்குப் புதுசு. இடைவேளை வரை 0-0 என்று நம் பெண்கள் தாக்குப்பிடித்தார்கள். 51-வது நிமிடத்தில் பெனால்டி. அதோடு கட்டு உடைந்தது, 0-3. அடுத்து 17-ந்தேதி பிரேசிலிடம் 0-5. ஆக மூன்று ஆட்டங்களில் வாங்கியது 16 கோல், போட்டது ஒன்றுமில்லை. 2017-ல் இதேபோல் இந்தியாவில் நடந்த ஆண்கள் போட்டியில் நம் பையன்கள் ஒரு கோலாவது போட்டார்கள் என்று சிலர் கணக்குச் சொன்னார்கள். அது நியாயமான கணக்கு அல்ல.

ஐம்பது வருஷ வித்தியாசம்

அமெரிக்காவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்தப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். விளையாட்டும் அதில் அடங்கியது. பையன்களுக்கு மைதானம் இருந்தால் பெண்களுக்கும் வழி செய்தாக வேண்டும். அதில் இருந்து சரியாக 50 வருஷம் கழித்து புவனேசுவரத்துக்கு வந்த பெண்கள், சின்ன வயதில் இருந்து வாரா வாரம் மேட்ச் ஆடி வளர்ந்தவர்கள். நம் பெண்களில் பலருக்குக் கடுமையான மேட்ச் என்பதே தேசிய முகாமுக்கு வந்த பிறகு பார்த்த சங்கதி.

அந்த முகாமாவது நிம்மதியாக நடந்ததா? அதுவும் இல்லை. உண்மையில் இந்த உலகக் கோப்பை 2020-ல் நடந்திருக்க வேண்டியது. கொரோனாவால் முதலில் தள்ளிப்போட்டார்கள். 2020 நவம்பரில் ரத்து என்றே சொல்லிவிட்டார்கள். 2022 போட்டி இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆனால் 2003, 2004-ல் பிறந்த பெண்களுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. முகாமில் தயாரான ஒரு கூட்டமே ஒரு பந்தைக்கூட உதைக்காமல் வீட்டுக்குப் போனது. 2005-க்குப் பிறகு பிறந்தவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் அரிச்சுவடியில் இருந்து ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி சாமானியர் அல்ல. 2011-ல் சுவீடன் பெண்கள் அணியை உலகக் கோப்பையில் மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோனவர். அவருக்குக் கிடைத்த அவகாசம் சில மாதங்கள்தான்.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இன்னொரு இடி விழுந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி, 2022 ஆகஸ்டு நடுவில் உலகக் கால்பந்து சம்மேளனம் இந்தியாவைத் தடை செய்தது. போட்டியே கைவிட்டுப் போகும் நிலை. 26-ந்தேதி தடை நீங்கியது. பெரியவர்கள் நாற்காலிக்காகப் போட்ட சண்டையில், 16, 17 வயதுப் பெண்கள் தாங்கள் ஆடுவோமா மாட்டோமா என்று தெரியாமலே பயிற்சி செய்துகொண்டு இருந்தார்கள்.

பெற்றோரின் பயம்

கூலி வேலைக்குப் போகிற தாய் தகப்பன் பெண்ணை விளையாட அனுப்பத் தயங்குவதற்குச் செலவு மட்டும் காரணம் அல்ல. கூட யார் போகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், ஒன்று என்றால் யார் கேட்பார்கள் என்ற பயம்தான் பெரிது. அந்தப் பயம் வீண் பயம் என்று சொல்லிவிடவும் முடியாது. இதே அணி 2022 கோடையில் ஐரோப்பாவுக்குப் பயணம் போனபோது, துணைப் பயிற்சியாளர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் வந்தது. அவரைப் பாதியில் திருப்பி அனுப்பி, வேலையில் இருந்தும் நீக்கினார்கள். புகார் வந்ததும் நடவடிக்கை எடுத்தது நல்லது. பெண் ஒருத்தி வாய்திறந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் உண்டா என்பதை, காலணியும் சீருடையும் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்னால் பெற்றோர் கேட்க வேண்டும்.

அஸ்தம் ஓரானுக்கு வழி திறந்தது ஹசாரிபாக் நகரில் உள்ள அரசு கால்பந்துப் பயிற்சி விடுதி. சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால்தான் கூலிக்காரர் வீட்டுப் பெண் வந்து சேர முடிந்தது. அந்த இந்திய அணியில் இருந்த 21 பேரில் ஆறு பேர் ஜார்க்கண்ட் பெண்கள். மணிப்பூரும் நிறையப் பேரை அனுப்பியது. பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை.

தமிழ்ப் பெண்களுக்கு ஆடத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் பண்ணக்கூடாது. தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தை 2018-லும் 2023-லும் தமிழ்நாடு வென்றது. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை மதுரை சேது கிளப் தட்டிச் சென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். கால்பந்து சோறு போடுமா என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் தகவல் உதவும்.

கர்நாடகத்துக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கும் வழி அடைபட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடப் போட்டிகள் தாலுகா, மாவட்டம், டிவிஷன், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகின்றன. சாமராஜநகர் மாவட்டம் மைசூர் டிவிஷனில் வருகிறது. மாநில விளையாட்டுத் துறை நடத்தும் விடுதிகளும் உண்டு. டெல்லியில் நடக்கும் சுப்ரதோ கோப்பையில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது பிறந்த தேதிச் சான்றிதழ். வயதை வைத்துப் பிரிக்கும் ஆட்டம் ஆயிற்றே! சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியிலோ சொந்தக் கிராமத்திலோ பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் வாங்காமலே மூட்டை கட்டி வந்தவர்கள், ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது அந்தக் காகிதத்தையும் கையோடு வாங்கி வந்துவிட்டால் நல்லது.

கோழிக்கோட்டில் இருந்து பிஷ்கெக் வரை

இந்தியப் பெண்கள் எப்போதும் அடிவாங்கியவர்கள் அல்ல. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்து தைவானிடம் தோற்றார்கள். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் இரண்டாவது இடம். அதற்குப் பிறகு மற்ற நாடுகள் பணமும் பயிற்சியும் கொடுத்துத் தங்கள் பெண்களை வளர்த்தன. நாம் தூங்கிவிட்டோம்.

தூக்கம் கலைந்ததற்கு அடையாளம் 2025-ல் தெரிந்தது. ஆகஸ்டு மாதம் 20 வயதுக்கு உட்பட்ட அணி, யாங்கூனில் மியான்மரை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட அணி கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனது. இந்தத் தடவை சும்மா வந்த இடம் எதுவும் இல்லை, ஜெயித்தால்தான் உண்டு. முதல் ஆட்டத்தில் கிர்கிஸ்தானை 2-1 என்று வென்றார்கள். அடுத்தது உஸ்பெகிஸ்தான்.

17-ந்தேதி நடந்த அந்த ஆட்டத்தில் 38-வது நிமிடத்தில் உஸ்பெகிஸ்தான் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன்னால் பயிற்சியாளர் ஜோகிம் அலெக்சாண்டர்சன், உட்கார்ந்து இருந்த தாண்டாமணி பாஸ்கேயை எழுப்பி மைதானத்துக்குள் அனுப்பினார். 55-வது நிமிடத்தில் அவர் சமன் செய்தார். 66-வது நிமிடத்தில் ஜார்க்கண்டைச் சேர்ந்த அனுஷ்கா குமாரி இரண்டாவது கோலைப் போட்டார். அதற்குப் பிறகு கோல் விழவில்லை. 2005-க்குப் பிறகு முதல் தடவையாக, சீனாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியச் சிறுமிகள் டிக்கெட் வாங்கினார்கள்.