பி.எஸ்.ஏ. பார்த்தாச்சா அண்ணே?

தெரியுமா? இங்கிலாந்தில் கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. வெள்ளையரில் 8 பேரில் ஒருவருக்கு. ஆசியரில் 13 பேரில் ஒருவருக்குத்தான்! 2015-இல் வெளியான ஆய்வுக் கணக்கு இது.

"அப்ப நமக்குப் பயமில்லைங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அதே ஆய்வில் இன்னொரு திகைப்பு இருக்கிறது. நோய் உறுதியானபின் அதனாலேயே இறப்பவர்கள் எந்த இனத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! வருவதில்தான் இன வித்தியாசம். வந்தபிறகு நமக்கென்று தனிச் சலுகை கிடையாது. கண்டுபிடித்தால்தான் கணக்கில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு உதவுவதுதான் பி.எஸ்.ஏ. பரிசோதனை.

நம் சேலம், நாமக்கல் பக்கம்? ராத்திரியில் நாலு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போனால் "வயசாச்சில்ல, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். லாரி ஓட்டுகிறவர் அடக்கி அடக்கியே பழகியவர். வீட்டில் சொல்லவும் கூச்சம். ஆரம்பத்தில் இந்த நோய் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. எலும்புக்குப் பரவி இடுப்பும் முதுகும் வலிக்கும்போதுதான் பலர் வருகிறார்கள். என்னை உலுக்குவது இதுதான்.

டாக்டர் விரல்விட்டுப் பார்ப்பாரே என்ற பயமா? பி.எஸ்.ஏ. வெறும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரைக்குக் கொடுப்பதுபோல் கையை நீட்டினால் போதும். வெறும் வயிறுகூட வேண்டாம்!

இதுவும் தெரியுமா? பி.எஸ்.ஏ. அளவு கூடியவர்களில் நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை! புராஸ்டேட் சுரப்பி வீக்கம், சிறுநீர்த் தொற்று, முந்தைய இரண்டு நாளில் ஓட்டிய சைக்கிள், தாம்பத்தியம்கூட அளவை ஏற்றும். முடி உதிர்வுக்குத் தரும் ஃபினஸ்டரைடு மாத்திரையோ அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்! அதனால் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மெதுவாக வளர்ந்து கடைசிவரை தொல்லையே தராத கட்டிகளும் உண்டு. இதனால்தான் அமெரிக்க நிபுணர் குழு 2012-இல் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது; 2018-இல், 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டது.

நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை. புராஸ்டேட் அதில் இல்லை. யாரும் கூப்பிட மாட்டார்கள். 50 வயது ஆகிவிட்டதா? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் 45 போதும். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது, "எனக்கு பி.எஸ்.ஏ. வேணுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.